கன்றிய கை

சீருடை மாற்றும்போதுதான் எடிலேனி அதைப் பார்த்தாள். ஜுசாராவின் தோளுக்குக் கீழே, யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி நீலமாகக் கன்றியிருந்தது.

“என்னக்கா இது?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன்டி.”

“போன வாரம் தொடையில இருந்துச்சே. அதுவும் கதவா?”

ஜுசாரா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

ஜெக்கியே ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் இருவருக்கும் வேலை. ஜுசாரா பதினாறு வருஷமாக வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறாள். எடிலேனி வந்து ஆறு வருஷம் ஆகிறது. இருவருக்கும் ஒரே பம்பு.

சாயங்காலம் ஜுசாராவை அழைத்துப்போக அவள் கணவன் வால்டெமிர் பைக்கில் வந்தான். கொத்தனார். செங்கல் தூக்கிக் காய்த்துப்போன பெரிய கைகள். அவற்றைப் பார்த்ததும் எடிலேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வண்டிக்குக் கொஞ்சம் பெட்ரோல் போடும்மா.”

“பொம்பளையை அடிக்கிறவனுக்கெல்லாம் இங்க போடுறதில்ல. வேற பங்க் பாரு.”

பக்கத்துப் பம்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். “கை வலிக்குதாண்ணே? பைக்கை முறுக்க முடியுமா?” என்றான் ஒருவன்.

வால்டெமிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜுசாரா அவன் முதுகைத் தொட்டாள். வாயை மூடிக்கொண்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியே போனான். அவள் பின்னாலேயே நடந்தாள்.

“வீரமெல்லாம் வீட்டுக்குள்ளதான்” என்றாள் எடிலேனி, அவன் காதில் விழட்டும் என்றே.

அடுத்த வாரம், ஒரு லாரிக்கு டேங்கை நிரப்பிக்கொண்டிருந்த ஜுசாரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கிலிருந்து ரத்தம். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

எடிலேனியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பெண்கள் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள்.

மூவரையும் கூப்பிட்டார்கள்.

“நீ இவங்களை அடிச்சியா?” பெண் அதிகாரி கேட்டாள்.

வால்டெமிர் தலையைக் குனிந்தபடி இருந்தான்.

“வாயைத் திறக்கலேன்னா உள்ள போக வேண்டி வரும். தெரியுமில்ல?”

“அவ என்ன சொல்றாளோ, அதை எழுதிக்குங்க மேடம்.”

“பயப்படாம சொல்லுக்கா. நான் இருக்கேன்” என்றாள் எடிலேனி.

ஜுசாரா கணவனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இந்தக் கை என்மேல ஒருநாளும் ஓங்கினதில்ல மேடம். லேசா இடிச்சாலே எனக்குக் கன்றிப் போகுது. பெட்ரோல்ல பென்சீன்னு ஒண்ணு இருக்காம். இத்தனை வருஷமா அந்த ஆவியை இழுத்து இழுத்து, எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதே குறைஞ்சுபோச்சாம். நேத்துதான் டாக்டர் உறுதியா சொன்னாரு. பம்பு பக்கமே போகக் கூடாதாம். மருந்து எடுத்தா தேறலாம்னாரு.”



“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா?” என்றாள் எடிலேனி.

“முதலாளி காதுக்குப் போனா, டாக்டர் உறுதி பண்றதுக்கு முன்னாடியே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அப்புறம் இது வேலையால வந்த நோய்னு யாருடி ஒத்துக்குவா? இவரு லீவு போடச் சொல்லிக் கெஞ்சினாரு. நான்தான் கேக்கல. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்.”

ஜுசாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் இவரைக் கேவலமா பேசுறாங்களேன்னு ஒருநாள் அழுதேன். ‘பேசட்டும் விடு. நீ அங்க தனியா இல்லேன்னு தெரியுது பாரு, அது போதும் எனக்கு’ன்னாரு.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தாள்.

வெளியே வந்ததும், மரத்தடியில் நிறுத்தியிருந்த பைக்கை நோக்கி வால்டெமிர் நடந்தார். எடிலேனி ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

“அண்ணே... நான் உங்களை என்னென்னமோ...”

“அதை விடும்மா.” அவர் கொஞ்சம் தயங்கினார். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சத்தியம் பண்ணிட்டதால முடியல. நீயும் அதே பம்புலதானே நிக்கிற? நாளைக்கு இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா, உனக்கும் ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்.”