குடிச்சிட்டுப் போகட்டும்

ஏர் ஃபில்டர் மெக்கானிக்கின் மனைவி சாப்பாட்டு மேசைமேல் இடது கையை நீட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு கொசு. மூன்று தலைமுறையாக ஜன்னலே திறக்காத கட்டடம் இது. காலையில் வெளிச்சுவர்க் காற்றுக் குழாயைக் கழற்றிய கணவனுடைய கருவிப் பைக்குள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வெளியே தெரிந்தால் அவன் வேலை போய்விடும், வீட்டுக்கும் சீல் வைப்பார்கள். அவன் உள்ளங்கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். “ஆடாத, ஒரே அடி.” “சும்மா இருங்க. பாவம், குடிச்சிட்டுப் போகட்டும்.” “பைத்தியமா உனக்கு? அது ரத்தம்டி!” “இருக்கட்டுமே. என்னைத் தேடி ஒரு உசுரு வந்திருக்கு.” வெள்ளை விளக்கில் அதன் வயிறு மெல்லச் சிவந்து உப்புகிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஓங்கிய கை தானாகத் தாழ்கிறது. கொசு எழும்பி, மேசைக்கு மேல் தள்ளாடி ஒரு சுற்றுச் சுற்றுகிறது. கிருமி அண்டாதிருக்க அவள் சிறு வயதிலிருந்து தினமும் விழுங்கிவரும் மாத்திரைகளின் டப்பாமேல் மல்லாந்து விழுகிறது. கால்கள் ஒருமுறை உதறி நின்றுவிடுகின்றன. அவள் அவனை நிமிர்ந்து பார்க்கிறாள். “சத்தியமா நான் தொடவே இல்ல,” என்று அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறான். அவள் தன் இடது கையை மேசையிலிருந்து எடுத்து, எதன்மேலும் பட்டுவிடாதபடி, மெதுவாக முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.