பெருவிரல் முடிச்சு

மணமேல்குடி வீட்டின் நடுவே ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. காலையில் மலேசியாவிலிருந்து வந்திறங்கிய அருள்தாஸ் அதற்குள் கிடக்கிறார். பிழைக்கப் போன இடத்தில் அவருடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்த சினிமாக்காரர்கள் பேய் வேஷம் தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. பதினேழு படம். எல்லாவற்றிலும் பிணமாகக் கிடப்பார், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி தானாக அவிழும், பிறகு எழுந்து உட்காருவார். துணி அவிழும்போதே பதினைந்து வயது மகள் அன்புமொழி போனைக் கவிழ்த்துவிடுவாள். அதற்குமேல் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. "பாத்தியாத்தா?" என்று கேட்பார். "பயமா இருக்குப்பா" என்பாள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போகிறது. உறுமல் நிற்கிறது. ஜெனரேட்டரைப் பார்க்க அன்புமொழியைத் தவிர எல்லோரும் வாசலுக்கு எழுந்து போகிறார்கள். அங்கே இரண்டு பேர் பேசிக்கொள்வது உள்ளே கேட்கிறது.

"பதினேழு தடவ எந்திரிச்ச மனுசன், இன்னொரு தடவ எந்திரிக்க மாட்டாராடா?"

"வாய மூடு. புள்ள காதுல விழுகப்போவுது."

விழுந்துவிட்டது. அன்புமொழி கால்மாட்டுக்கு நகர்ந்து கண்ணாடி மூடியைத் தூக்குகிறாள். குளிர் முழங்கைவரை ஏறுகிறது. சித்தி ஸ்டெல்லா இறுக்கிப் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்க்கிறாள். பாதங்கள் இரண்டும் மெல்ல விலகுகின்றன. அவள் பற்கள் கிட்டிக்கொள்கின்றன. ஆனாலும் கண்ணை மூடவில்லை.

"எந்திரிங்கப்பா. பயப்பட மாட்டேன்."

ஜெனரேட்டர் இரைகிறது. பெட்டிக்குள் விளக்கு துடித்து எரிகிறது. உள்ளே வந்த ஸ்டெல்லா, அவிழ்ந்து கிடக்கும் துணியைப் பார்க்கிறாள். சிலுவை போட எழுந்த கை நெற்றியிலேயே நின்றுவிடுகிறது. அன்புமொழி திரும்பவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக் காத்திருக்கிறாள்.