புத்தகத்தில் பேர் ஏறிய ஒயில்

"இந்த ஒயிலத்தான் ஊத்தணும் தம்பி. டின்னப் பாருங்க, எப்படி மினுங்குது!"

அப்துல் ஸமத் டின்னை மேசைமேல் வைத்தார். உக்குவளை ரயில் கடவைக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த லாபிர் டின்னைப் பார்த்தான். பிறகு வெளியே நின்ற சாம்பல் நிற மொரிஸ் காரைப் பார்த்தான்.

"வேணாம் மொதலாளி. இது ட்ரக்டருக்கு ஊத்துறது. உங்க காருக்கு ஆகாது."

உண்மையில் ஸமத் ஒயில் மாற்ற வரவில்லை, மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார். கல்யாணத் தரகர் மக்கீன், ஸமத்தின் மகள் ஜுனைதாவுக்கு இந்த லாபிரைத்தான் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பதில் சொல்லியாக வேண்டும். மனைவி கைறுன்னிஸாவுக்கோ இதில் துளியும் இஷ்டம் இல்லை. "எஸ்.எஸ்.சி. வரைக்கும் இங்கிலீஷ்ல படிச்ச புள்ளய ஸ்பானர் புடிக்கிறவனுக்கா குடுக்கப் போறீங்க?" என்று மூன்று நாளாக ஒரே பாட்டு. ஜுனைதா மட்டும், "வாப்பா பாத்துச் செஞ்சா சரி" என்று குனிந்த தலை நிமிராமல் சொல்லிவிட்டாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று ஸமத் உருகிப்போனார்.

ஆகவேதான் அலுவிகாரையில் இருந்து, யாரென்று சொல்லாமல், தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அது ட்ரக்டர் ஒயில் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கூலிய ரெட்டிப்பாத் தாரேன். ஊத்துங்க."

"பத்து மடங்கு தந்தாலும் ஊத்த மாட்டேன். மூணே மாசத்துல என்ஜின் போயிடும்."

லாபிர் அலுமாரியைத் திறந்து, பூப்போட்ட துணியில் சுற்றியிருந்த ஒரு புத்தகத்தை எடுத்தான். கார்க் கம்பெனி ஆங்கிலத்தில் அச்சடித்த கைநூல் அது.

"இதுல பேர் இருக்கிற ஒயிலத்தான் நான் தொடுவேன் மொதலாளி."

"காசு குடுத்தா எவன் பேரையும் போட்டுடுவானுங்க!"

"அப்படி இல்ல. கம்பெனிக்காரன் டின்னப் பாத்துப் பேர் எழுதுறதில்ல. தன்னோட என்ஜின்ல ஊத்தி நாள் கணக்கா ஓட்டுவான். பிறகு கழட்டிப் பாப்பான். பிஸ்டன்ல கரி புடிச்சிருக்கா, பேரிங் தேஞ்சிருக்கா, அடியில சகதி நிக்குதான்னு எல்லாத்தையும் பாப்பான். தேறினாத்தான் பேர் ஏறும்."

ஸமத்துக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. தரகர் சொல்வதெல்லாம் டின்னில் ஒட்டிய லேபல்தானே. தாம் இப்போது செய்வதுதான் கழற்றிப் பார்ப்பது என்று மனதுக்குள் தம்மையே மெச்சிக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி.

"சரி, என் காருக்கு என்ன கோளாறு? சொல்லுங்க பாப்பம்."

லாபிர் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "விடியக்காலம சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போக ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் டக்டக்குனு தட்டும். வாசல்ல கறுப்பாச் சொட்டும். போன மாசம் கண்ட ஒயில ஊத்தினதாலதான்."

ஸமத் காரைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் அப்படியே உண்மை! காரைத் தொடாமலே சொல்கிறானே, இவனல்லவா கைகாரன்!

புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"ஓரத்துல என்ன தம்பி, பென்சிலால கிறுக்கி இருக்கு?"

"அது... தமிழ்ல அர்த்தம்." லாபிரின் காது சிவந்தது.

ஆங்கிலம் தெரியாத குறையைத் தானே கஷ்டப்பட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறான், அதைச் சொல்லவும் கூச்சம்! இதைக் கைறுன்னிஸாவுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று ஸமத் முடிவு செய்தார்.

"ரெண்டு நாளைக்கு இதத் தாங்க."

லாபிர் பதறினான். "அத மட்டும் கேக்காதீங்க மொதலாளி."

"அலுவிகாரை ஸமத் சொன்னா சொன்னதுதான். திருப்பித் தருவேன்."

பேரைச் சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல வேளையாக, அந்தப் பேரைக் கேட்டு லாபிர் ஆச்சரியப்படவே இல்லை. அரை மனதோடு புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே ஸமத், "கைறுன்னிஸா, கண்ணாடியக் கொண்டா! ஸ்பானர் புடிக்கிறவன்னு சொன்னியே, அவன் படிப்ப வந்து பாரு!" என்றார்.

கைறுன்னிஸா வேண்டாவெறுப்பாகத் துணியை அவிழ்த்தாள். ஸமத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒயில் பேர்கள் இருந்த பக்கத்தைத் திறந்து, ஓரத்துப் பென்சில் எழுத்தைப் பெருமையோடு உரக்கப் படித்தார்.

"மலைப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இந்த மூன்றில் ஒன்று. வேறு எதையும் ஊற்றவேண்டாம். எங்கள் வாப்பாவின் காருக்கும் இதுதான்."

"லாபிர்ர வாப்பாகிட்ட ஏது கார்? அவர் மவுத்தாகி மண்ணுக்குப் போய்ப் பத்து வருசம்னு மக்கீன் சொன்னாரே" என்ற கைறுன்னிஸா, கையில் இருந்த துணியை அப்போதுதான் விரித்துப் பார்த்தாள். "என்னங்க, இது நம்ம ஜுனைதாக்குப் பெருநாளைக்குத் தைச்ச சட்டையில மிஞ்சின துணி!"

உள் அறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

ஸமத் பக்கங்களைப் புரட்டினார். முப்பதாம் பக்கத்தோடு பென்சில் எழுத்து முடிந்திருந்தது. புத்தகத்தை மெதுவாக மூடி, கண்ணாடியைக் கழற்றி, உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"புள்ள ஜுனைதா, பாதியில நிப்பாட்டிட்டியே... மிச்சத்த இனி உக்குவளைக்குப் போய் எழுதிக்கோ!"