ஒரு ஜோடி கம்மல்

சிறை வாசலில் வார்டர் டைட்டஸ், ரத்தினம்மா மகனுக்காகக் கொண்டுவந்த மாம்பழங்களை ஒவ்வொன்றாகக் கத்தியால் பிளந்தார்.

"இன்னாத்துக்கு சார் வெட்டுற? பாகாலாவுலருந்து தூக்கிக்கினு வந்தேன். என் புள்ள துன்ற பழம்."

"உள்ள கஞ்சா வெச்சிருப்பே. புது சூப்பரிண்டெண்ட் ஆர்டர். ஏம்மா, கஞ்சா கேஸ்ல கீறவனோட அம்மாவுக்கு ரோஷம் வேறயா?"

பழங்களில் கொட்டை மட்டும்தான் இருந்தது. டைட்டஸ் அவற்றைக் குப்பைக்கூடையில் தள்ளினார்.

"நீ நாசமாப் போவே!"

"நான் போறது இருக்கட்டும். பஸ் வந்துரும், நீ கெளம்பு."

அவள் கிளம்பவில்லை. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் போன பிறகு, கம்மல்களைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தாள்.

டைட்டஸ் சிரித்தார். "இப்பத்தான் வழிக்கு வந்தே. சரக்கு எங்க? குடு. சாயங்காலமே உன் புள்ள ஸ்ரீஹரி கைக்குப் போயிடும்."

"சரக்கு கொண்டாரல."

"அப்புறம் கம்மல் எதுக்கு?"

"அவன போலீசுல புடிச்சிக் குடுத்ததே நான்தான். உள்ள போனா கஞ்சா கெடைக்காது, பொழச்சிப்பான்னு நெனச்சேன். வெளிய இருந்தத விட மோசமாக் கீறான். நீதான் விக்கிறியாமே. இத வெச்சிக்கோ. அவனுக்கு மட்டும் குடுக்காத."

டைட்டஸ் கம்மல்களை உள்ளங்கையில் போட்டு எடை பார்த்தார். பிறகு அவளிடமே நீட்டினார்.

"உன் புள்ள எனக்கு நல்ல கிராக்கிம்மா. சரக்கு உள்ள கொண்டுபோறதுன்னா இது போதும். குடுக்காம இருக்கறதுன்னா பத்தாது."