புடைத்த கண்ணாடி

எரிந்துபோன புற்போரின் கரிமேல் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டு ஓமுர்சாக் என் மருமகளை நோக்கி விரல் நீட்டினான்.

"வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாடியத் தொங்கவிட்டுத் தல வாருறா. வெயில் அதுல பட்டுத்தான் என் போர் பத்திக்கிச்சு. குளிர்காலம் முழுக்க என் ஆடுங்க இவ சடையவா திங்கும்?"

ஊர் சிரித்தது. கம்பளத்தில் அமர்ந்திருந்த மூன்று வெண்தாடிகள் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் அவர்கள் சொல்வதே தீர்ப்பு.

புருல் தலைகுனிந்து நின்றாள். மாமனார் முன்னால் மருமகள் வாய் திறக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. தீர்ப்பு அவள்மேல் விழுந்தால், கொளுத்தினவள் வீடு என்ற பெயர் என் பேரப்பிள்ளைகள் வரை ஒட்டும்.

எழுந்தேன்.

"உக்காருங்கண்ணே. மழிச்ச மூஞ்சிக்கு மன்றத்துல என்ன பேச்சு?" என்றான் ஓமுர்சாக்.

உட்காரவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றிவந்து வெயிலில் நிறுத்தினேன். முப்பது வருடம் நான் ஓட்டிய லாரியின் பக்கக் கண்ணாடி. புடைத்தது.

லாரி முகப்பு விளக்கின் உள்கிண்ணம்போலக் குழிந்த கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் திரட்டும். புடைத்தது சிதறடிக்கும். ஒரு மலை முழுவதையும் நகமளவு காட்டும். ஆனால் அந்த உருவம் கண்ணாடிக்கு உள்ளேயே நிற்கும், வெளியே வந்து எதன்மேலும் விழாது. இதை வெண்தாடிகளிடம் சொன்னேன்.

சொன்னது போதாதென்று, ஒரு பிடி காய்ந்த புல்லை அதன் முன்னால் பிடித்தேன். கிட்ட, எட்ட. அவர்கள் ஒரு கிண்ணம் தேநீர் குடித்து முடிக்கும்வரை பிடித்தேன். புகை வரவில்லை.

கண்ணாடியை ஓமுர்சாக்கிடம் நீட்டினேன்.

"நீயே எரிச்சுக் காட்டு தம்பி. எரிஞ்சா என் மருமக குத்தவாளி."

அவனும் முயன்று பார்த்தான். வியர்த்ததுதான் மிச்சம்.

புருல்மேல் குற்றமில்லை என்றார்கள்.

அன்று மாலை என் புற்போரில் பாதியை அவன் வாசலில் இறக்கினேன். அபராதமா என்று கேட்டான். எங்கள் வீட்டில் யாரும் அபராதம் கட்டியதில்லை, அயலான் ஆடுகளைப் பட்டினி போட்டதுமில்லை என்றேன்.

மறுநாள் காலை புருல் வழக்கம்போல் எனக்குச் சவரத்துக்குச் சுடுநீர் கொண்டுவந்தாள். நான் சவரம் செய்யும் வேலிக் கம்பத்தில் வெறும் ஆணி இருந்தது. அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்காமல் கெண்டியோடு திரும்பிப் போனாள்.

மாவுப் பெட்டிக்கு அடியில், முகத்தைப் பெரிதாகக் காட்டும் குழிந்த சவரக் கண்ணாடி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது.

தாடி நன்றாக வளர்ந்துவிட்டது. மன்றத்தில் எனக்கு இடம் தரச் சொன்னவன் ஓமுர்சாக்தான்.