வளைவில் நின்ற குட்டி

புத்தம் புது எஸ்யூவி ஒன்று மலைச்சாலையில் சீறிக்கொண்டு போனது.

"எனக்கு இருக்கிற பலத்துக்கு இந்நேரம் உச்சிக்கே போயிருக்கலாம். வளைவுக்கு வளைவு நீதான் கெடுக்கிற!" என்று எஞ்சின் பிரேக்கைத் திட்டியது.

"அந்தப் பக்கம் யார் வர்றாங்கன்னு தெரியலையேப்பா," என்றது பிரேக்.

அடுத்த வளைவில், நடுச்சாலையில் ஒரு யானைக்குட்டி நின்றது. பிரேக் உயிரைக் கொடுத்துச் சக்கரங்களைப் பிடித்தது. குட்டிக்குச் சற்று முன்னால் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் வெலவெலத்துப்போனது.

குட்டியோ பயமில்லாமல் கிட்ட வந்தது. எஞ்சினை மூடியிருந்த வெதுவெதுப்பான பானெட்டைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்துவிட்டு, புதருக்குள் நின்ற தாயிடம் துள்ளி ஓடியது.

"என்னைத் தொட்டுச்சு, பாத்தியா!" என்று எஞ்சின் பூரித்தது.

"பாத்தேன். கிளம்பலாமா?"

"இருப்பா, பிடியை விட்டுடாதே. இன்னொரு குட்டி வருது!"