புதுத் தலையணை

சபையில் யார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாலும், சவப்பெட்டிக்குள் வைக்கும் தலையணையைப் பெண்கள் சங்கம்தான் தைத்துக் கொடுக்கும். ஒன்று போனதும் அடுத்ததைத் தைத்து அலமாரியில் வைத்துவிடுவாள் ஞானப்பூ. சாவு வீட்டில் போய் ஊசி நூல் தேட முடியாதல்லவா. ஞாயிறு ஆராதனை முடிந்து அலமாரியைத் திறந்தபோது, புதுத் தலையணையின் நடுவில் யாரோ படுத்து எழுந்ததுபோல் குழி விழுந்திருந்தது. தட்டிச் சரிசெய்தாள். கையை எடுத்ததும் பஞ்சு மெல்ல உள்ளே இறங்கியது. "பஞ்சு காணாதுக்கா, இன்னுங் கொஞ்சம் அடைங்க" என்றாள் கூட வந்த ஜெபக்கனி. ஞானப்பூ குனிந்து முகர்ந்தாள். கருஞ்சீரக எண்ணெய் வாசம். பூட்டிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள். மாதக்கணக்காகத் தூக்கமில்லாமல் கிடந்த அவள் கணவர் தங்கையா, அதே எண்ணெயை உச்சியில் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. "நேத்துதாம்ட்டி நல்லா உறங்கினேன்" என்றார். "தலையணைய மாத்துனியோ?"